செவர்லே டிரக்கின் ரோச்செஸ்டர் கார்புரேட்டர்: பிரிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1947 முதல் 1955 வரை செவர்லே தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ டிரக்குகள் அமெரிக்காவில் இன்றும் ஓடுகின்றன. உருண்டையான மூக்கு, அகலமான கிரில், பானெட்டுக்கு அடியில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். அரை டன் ரகமான 3100-இல் 1953 வரை 216 கன அங்குல எஞ்சின் இருந்தது. சுமார் மூன்றரை லிட்டர். 1954-இல் 235 கன அங்குல எஞ்சின் வந்தது. 1949 வரை இவற்றின் மேல் பெரும்பாலும் கார்ட்டர் கார்புரேட்டர்தான். 1950 வாக்கில் ரோச்செஸ்டர் ‘பி’ அந்த இடத்துக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பிரிவு ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் செய்த ஒற்றை பேரல் (ஒரே காற்றுத் தொண்டை) கார்புரேட்டர் அது. பழைய வண்டியில் முதல்முறையாகக் கை வைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உருவம் சிறியது, வார்ப்புகள் மூன்றே மூன்று, ரிப்பேர் கிட் இன்றும் கடையில் கிடைக்கிறது.

அந்தக் கிட்டில்தான் ஒரு சிக்கல். பெட்டியைத் திறந்தால் புது கேஸ்கெட்டுகள், புது நீடில், சீட், பம்ப், இரண்டு மூன்று சிறு குண்டுகள், ஃப்ளோட் மட்டம் பார்க்க ஓர் அட்டை அளவுகோல், கூடவே ஒரு விளக்கத் தாள் எல்லாம் இருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் கார்புரேட்டர் சரியாகிவிடும் என்று தோன்றும். பாதி நேரம் அப்படிச் சரியாகாது. இந்த ரகத்தில் அதிகம் தொல்லை கொடுப்பவை வளைந்துபோன மேல்மூடி, தேய்ந்துபோன திராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகட்டின் அச்சு), தப்பாக வைத்த பெட்ரோல் மட்டம். மூன்றில் எதுவும் கிட்டில் வராது. இவற்றைக் கண்டுபிடிக்க, கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

காற்றுதான் முதலாளி

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் காற்று இழுக்கப்படுகிறது. அந்தக் காற்று முழுவதும் கார்புரேட்டரின் தொண்டை வழியாகத்தான் போயாக வேண்டும். தொண்டையின் நடுவில் வழி குறுகும்; அதை வெஞ்சுரி என்பார்கள். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும். பக்கத்திலுள்ள கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் சாதாரண வளிமண்டல அழுத்தம். இந்த அழுத்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் எனும் அளவான சிறு துளை வழியாகத் தள்ளி, தொண்டைக்குள் தூறலாக விழ வைக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும், குறைந்தால் குறையும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லை. அளப்பது, கலப்பது இரண்டையும் காற்றே பார்த்துக்கொள்கிறது.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் எல்லா நேரமும் இதே கலவை போதாது. குளிர்ந்த எஞ்சினுக்கும் மேட்டில் சுமை இழுக்கும் எஞ்சினுக்கும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சமதரையில் சீராகப் போகும்போது குறைத்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு ஜெட்டை வைத்துக்கொண்டு இத்தனை நிலைமைகளைச் சமாளிக்க முடியாது என்பதால், கார்புரேட்டருக்குள் தனித்தனி வழிகள் வைத்தார்கள்.

வழிகளும் அவற்றின் வேலைகளும்

முதலில் ஃப்ளோட். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவைப் பந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான். கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட் எழும்பி நீடிலைச் சீட்டில் அழுத்தி வழியை மூடும். இறங்கினால் வழி திறக்கும். பம்பிலிருந்து வரும் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 4 பிஎஸ்ஐ. அதைத் தாங்கி அடைக்க வேண்டியது அந்தச் சின்ன நீடிலின் முனை. கிண்ணத்தில் மட்டம் ஏறினால் தொண்டைக்கு வரும் பெட்ரோல் எல்லா வேகத்திலும் அதிகமாகும். இறங்கினால் எல்லா வேகத்திலும் குறையும். மற்ற வழிகளெல்லாம் இந்த மட்டத்தை நம்பித்தான் நிற்கின்றன.

ஐடிலிங்கில் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். வெஞ்சுரியில் காற்று ஊர்ந்துதான் போகும், அதனால் மெயின் ஜெட்டிலிருந்து ஒன்றும் வராது. ஆனால் தகட்டுக்குக் கீழே எஞ்சின் உறிஞ்சும் வாக்குவம் பலமாக இருக்கும். அங்கே ஒரு சிறு துளை, அதை மட்டுப்படுத்த ஒரு மிக்சர் ஸ்க்ரூ. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது தகட்டின் விளிம்பு இன்னும் சில துளைகளைத் தாண்டித் திறந்துவிடும். ஐடிலிங்கிலிருந்து மெயின் ஜெட்டுக்கு வண்டி தடுமாறாமல் மாறுவது இந்தத் துளைகளால்தான். வண்டி நின்றபடி நன்றாக ஓடி, கிளம்பும்போது மட்டும் இருமினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் ஒரு நொடி பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலைத் தொண்டைக்குள் அடிக்கும். சோக் தெரிந்ததுதான்: டேஷ்போர்டிலுள்ள குமிழை இழுத்தால் தொண்டையின் வாயில் ஒரு தகடு மூடிக் காற்றைக் குறைக்கும்.

கடைசியாகப் பவர் பிஸ்டன். ரோச்செஸ்டர் ‘பி’யில் தொந்தரவு அதிகம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மேல்மூடியில் ஒரு சிறு உருளைத் துளைக்குள் ஒரு பிஸ்டன், அதன் மேல் ஒரு ஸ்பிரிங். எஞ்சினின் வாக்குவம் ஒரு மெல்லிய வழியாகக் கீழிருந்து மேலே வந்து அந்தப் பிஸ்டனை மேலே பிடித்து வைத்திருக்கும். மேடு ஏறும்போது திராட்டில் அகலத் திறப்பதால் வாக்குவம் விழும். உடனே ஸ்பிரிங் பிஸ்டனைக் கீழே தள்ளும், அது பவர் வால்வைத் திறந்துவிடும், கூடுதல் பெட்ரோல் கிடைக்கும். மேடு முடிந்ததும் வாக்குவம் திரும்பி, பிஸ்டன் மேலே போய், வால்வு மூடிக்கொள்ளும். சுமை தெரிந்து தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு. ஆனால் அந்த மெல்லிய வாக்குவம் வழி, அடியிலுள்ள திராட்டில் பாடி, நடுவிலுள்ள கிண்ணம், மேல்மூடி என மூன்று வார்ப்புகளையும் கடந்து மேலே வருகிறது. நடுவில் இரண்டு கேஸ்கெட்டுகள். எங்காவது ஒரு முடியளவு கசிந்தாலும் பிஸ்டன் மேலே நிற்காது, வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். புகைக்குழாயில் கறுப்புப் புகை, பிளக்கில் கரி, மைலேஜ் பாதாளத்தில். உரிமையாளர் மெயின் ஜெட்டை மாற்றிப் பார்ப்பார், ஃப்ளோட்டை இறக்கிப் பார்ப்பார், ஒன்றும் மாறாது.

பிரிப்பதற்கு முன்

கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படும் பல வண்டிகளில் கோளாறு இக்னிஷனில் இருக்கும். பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், டைமிங், பிளக் வயர், கம்ப்ரஷன் இவற்றையெல்லாம் பார்த்த பிறகு கார்புரேட்டரைத் தொடுவதே முறை. இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) ஒரு வாக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டி முள் ஆடாமல் நிற்கும். முள் குறைவாக நின்றாலோ துடித்தாலோ, கார்புரேட்டரை விட்டு வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கலாம்.

இன்னொன்று: எஞ்சின் ஓடும்போதே திராட்டில் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாகப் பீச்சிப் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பீச்சியதும் எஞ்சின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது என்று பொருள். இதைக் கழற்றிய பிறகு சோதிக்க முடியாது.

கழற்றும்போது ஒவ்வொரு கோணத்திலும் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க் கம்பிகள் எந்த ஓட்டையில், எந்தப் பக்கமாக வளைந்து மாட்டியிருந்தன என்பது அன்று சாயங்காலமே மறந்துவிடும்.

மூடியைத் தூக்கினால்

பெரும்பாலான கார்புரேட்டர்களில் ஜெட்டுகள் கிண்ணத்தின் அடியில் இருக்கும். இதில் அப்படியில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்மூடியை நேராகத் தூக்கினால் ஃப்ளோட், மெயின் ஜெட், பவர் வால்வு எல்லாமே மூடியில் தொங்கிக்கொண்டு ஒன்றாக வெளியே வரும். கிண்ணம் கிட்டத்தட்ட காலியாகிவிடும். இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒட்டியிருக்கின்றன. குளிர்காலத்தில் கலவையைச் சூடாக்க அப்படி வைத்தார்கள். அந்தச் சூடு ஏறிப் பெட்ரோலைக் கொதிக்க வைக்காமல் இருக்க, ஜெட் இருக்கும் பகுதியை மேலிருந்து தொங்கவிட்டுச் சுற்றிலும் பெட்ரோல் நிற்கும்படி செய்தார்கள். தொண்டையைச் சுற்றியே கிண்ணம் அமைந்திருப்பதால் சரிவிலும் வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் ஜெட் காய்ந்துபோகாது. பண்ணைகளில் ஓடிய வண்டிக்கு அது பெரிய விஷயம்.

நீண்ட நாள் நின்ற வண்டியானால் கிண்ணத்தின் அடியில் பழுப்பாக, பிசினாக ஒரு படலம் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நின்றிருந்தால் கூடவே வெள்ளைப் பொடி. துத்தநாகக் கலப்பு உலோகம் ஈரத்தோடு சேர்ந்து அரித்ததன் அடையாளம் அது. அமெரிக்காவில் இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீத எத்தனால். இந்தியாவில் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டோம். பழைய அம்பாசடர், ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இதே பொடி பழக்கம்தான். புது கிட் வாங்கும்போது அதிலுள்ள ரப்பர், நீடில் முனை எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். கடைக் கிடங்கில் முப்பது வருஷமாகக் கிடந்த ‘ஒரிஜினல்’ கிட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர், தோல் பாகங்களை எடுத்துவிட்டு உலோகப் பாகங்களை மட்டும் கிளீனரில் ஊற வைத்து, கழுவி, கண்ணாடி அணிந்துகொண்டு கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு வழியையும் ஊதுங்கள். ஒரு துளையில் ஊதினால் மறுமுனையில் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். மணல் அடித்து, கண்ணாடி மணி அடித்துப் பளபளப்பாக்கும் ஆசையும் வேண்டாம். ஒரே ஒரு மணி உள்வழியில் மாட்டிக்கொண்டால் தேடி எடுப்பது பெரும்பாடு.

வளைந்த மூடி

இப்போது முக்கியமான இடம். மேல்மூடியை வெறுமையாக்கி, அதன் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்திக் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்க்ரூ வரும் ஓரங்கள் கீழே இறங்கி, நடுவில் ஒளி கீற்றாகத் தெரிந்தால் மூடி வளைந்திருக்கிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு எவ்வளவு என்று அளக்கலாம். கசிகிறதே என்று எழுபது வருஷமாக ஆளாளுக்கு ஸ்க்ரூவை முறுக்கியதன் பலன் இது. கீழே கேஸ்கெட் அமுங்க அமுங்க ஓரங்கள் இன்னும் இறங்கும், நடுவிலுள்ள வாக்குவம் வழி இன்னும் கசியும், அதை அடைக்க இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள்.

கொஞ்சம்தான் வளைவு என்றால், தடிமனான கண்ணாடித் தகட்டின் மேல் நைஸான உப்புத்தாளை விரித்து மூடியை அதன்மேல் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கலாம். ஒரே திசையில் தேய்க்காமல் அவ்வப்போது திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். அதிகம் வளைந்திருந்தால் சூடாக்கி, கிளாம்ப் போட்டு நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த உலோகம் சட்டென்று உடையும் ரகம் என்பதால் தொடக்கக்காரர் அதில் இறங்காமல் நல்ல மூடி ஒன்றைத் தேடி வாங்குவதே மலிவு. கிண்ணத்தின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் இதேபோல் பார்த்துவிடுங்கள்.

ஷாஃப்ட் விஷயம் இதைவிடக் கறாரானது. திராட்டில் பாடி வார்ப்பிரும்பு; ஷாஃப்ட் அதன் துளையில் நேரடியாகச் சுழன்று இரண்டும் தேய்கின்றன. மேலும் கீழும் ஆட்டினால் கையில் ஆட்டம் தெரிந்தால், அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று ஐடிலிங்கில் நுழையும். மிக்சர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் எஞ்சின் நிலைக்காது. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

திரும்ப மாட்டும்போது

திராட்டில் பாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டை வார்ப்பின் மேல் வைத்து, ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு துளையின் மேல் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்க்ரூவைப் போடுங்கள். கிட்டுகள் பல மாடல்களுக்குப் பொதுவாக வருவதால் ஒரே மாதிரி இரண்டு மூன்று கேஸ்கெட்டுகள் இருக்கும். திருப்பி வைத்தாலோ தப்பானதை வைத்தாலோ பவர் பிஸ்டனின் வாக்குவம் வழி அடைபட்டுவிடும். விளைவு மேலே சொன்ன அதே கறுப்புப் புகை.

பம்பின் கப் தோலாக இருந்தால், மாட்டுவதற்கு முன் மெல்லிய எண்ணெயில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள். காய்ந்த தோல் உருளைக்குள் போகும்போது ஓரம் மடங்கிக்கொள்ளும், அப்புறம் பீச்சாது. சிறு குண்டுகளைக் கழற்றும்போதே எது எந்தத் துளையில் இருந்தது என்று தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். உள்ளே வரும் வழிக்கும் வெளியே போகும் வழிக்கும் குண்டு வேறு, எடை வேறு.

ஃப்ளோட்டை முதலில் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. சந்தேகமிருந்தால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், உள்காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் பொட்டு அளவுதான். எடை கூடினால் மட்டமும் கூடிவிடும். பிறகு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட் தன் எடையால் மட்டும் நீடிலின் மேல் உட்காரும்படி விட்டு, கிட்டோடு வந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். கேஸ்கெட்டோடு அளப்பதா இல்லாமலா என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் சரியில்லையென்றால் ஃப்ளோட்டின் கையை வளைக்க வேண்டும். ஃப்ளோட்டையே பிடித்து அழுத்தினால் நீடிலின் முனையில் வளையமாகப் பள்ளம் விழும், புது நீடில் அன்றே வீண். இதில் ஃப்ளோட் இரட்டை. இரண்டும் ஒரே உயரத்தில், கிண்ணத்தின் சுவரில் உரசாமல் இருக்க வேண்டும். அதே மூடியை நேராகப் பிடித்தால் ஃப்ளோட் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதற்கும் தாளில் ஓர் அளவு இருக்கும். அதை விட்டுவிட்டால் பெரிய மேட்டில் கிண்ணம் நிறைய நேரமாகும்.

மூடியின் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடியில் உள்ளங்கை வைத்து முறுக்காமல் விரல் நுனிகளால் பிடித்து முறுக்கினால் போதுமான அளவுக்கு மேல் போகாது. மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடி தொடும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து விடுங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

எஞ்சினில் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கிண்ணம் காலியாக இருக்கும்; காற்றுத்துளை வழியே ஊசி மருந்துச் சிரிஞ்சால் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் பேட்டரி பிழைக்கும். தொண்டைக்குள் நேராக ஊற்றிவிட்டு, ஏர் கிளீனர் இல்லாமல் சுழற்றுவது தீ விபத்துக்கு அழைப்பு. இப்போது எஞ்சின் நின்றிருக்க, தொண்டைக்குள் பார்த்தபடி லிங்க்கைக் கையால் அசையுங்கள். பம்பிலிருந்து அறுபடாத ஒரு தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சோக் குமிழை முழுதும் உள்ளே தள்ளினால் தகடு செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் நீளம் சரியில்லாமல் பாதி மூடிய சோக்கோடு ஓடும் வண்டிகள் நிறைய.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் டியூனிங். வாக்குவம் கேஜை மாட்டி, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருகித் திருகி, முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு வேக ஸ்க்ரூவில் ஐடிலிங்கை 450, 500 ஆர்பிஎம் அளவுக்கு இறக்கி, மிக்சரை மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மிக்சர் ஸ்க்ரூவை முழுதும் மூடியும் எஞ்சின் நிற்கவில்லையென்றால் பெட்ரோல் வேறெங்கிருந்தோ வருகிறது: பவர் வால்வு, ஏறிப்போன ஃப்ளோட் மட்டம், அல்லது அளவுக்கு மேல் திறந்து வைத்த திராட்டில் தகடு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி, கரியாக இருந்தால் மூடிக்கு அடியிலிருக்கும் அந்த வாக்குவம் வழியிலிருந்து மறுபடி தேட ஆரம்பியுங்கள்.